அண்ணியின் ‘சரி’

குழம்பில் உப்பு போட்டாச்சா என்று கேட்டாலும் அண்ணி “சரி” என்பார். மழை வருமா என்று கேட்டாலும் “சரி” என்பார். ஒதியம்பட்டுக்கு மருமகளாக வந்த முதல் வாரத்திலேயே இதைக் கவனித்துவிட்டேன். சொல்லும்போது லேசாகச் சிரிப்பார், தலையை ஒரு தடவை சாய்ப்பார். கண் மட்டும் நம் வாயை விட்டு நகராது. பல்லில் கீரை ஒட்டியிருப்பதை யாரோ பார்க்கிற மாதிரி இருக்கும். கொஞ்ச நாள் கூச்சத்தில் வாயைத் துடைத்துக்கொண்டே அவரிடம் பேசினேன்.

அவர் என் கணவரின் அக்கா. எங்கள் பக்கத்தில் கணவரின் அக்காவை அண்ணி என்றுதான் கூப்பிடுவோம். கணவரைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர், கல்யாணம் ஆகாதவர். மாமியார் வெகுமுன்பே இறந்துவிட்டதால் என் கணவரைத் தூக்கி வளர்த்தது அவர்தான். விடிவதற்கு முன் எழுந்து இரண்டு மாட்டையும் கறந்து, சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு வந்து சோறாக்குவார். என் கணவருக்கு வில்லியனூரில் டைல்ஸ் கடை வண்டி ஓட்டுகிற வேலை. நான் ஒரு மருந்துக் கம்பெனியில் பாக்கிங் வேலைக்குச் சேர்ந்தேன். எங்கள் இருவருக்கும் சாப்பாட்டு டப்பா கட்டிக் கொடுத்தது முதல் துணி மடித்து வைத்தது வரை அண்ணிதான்.

கல்யாணமான இரண்டாம் மாதம், “அம்மா வூட்டுக்குப் போறேன் அண்ணி, வர மூணு நாள் ஆவும்” என்று அவர் முதுகுக்குப் பின்னால் நின்று சொன்னேன். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவர் நிழலைப் பார்த்துத் திரும்பினார். “சரி” என்றார். நான் திரும்பி வந்ததும் எதிர்வீட்டுக்காரி சொன்னாள்: “நீ போன அன்னிக்கி ஒன் நாத்தனா கொடைய எடுத்துனு கம்பெனி வண்டி நிக்கற எடத்துல ரெண்டு மணி நேரம் நின்னுச்சும்மா. மழ கொட்டுது. ஒன் வூட்டுக்காரரு வந்துதான் இட்டுனு போனாரு.”

சொன்னது மண்டையில் ஏறவில்லையே என்றுதான் நினைத்தேன். அந்த வீட்டில் எல்லோருமே அப்படித்தான் நினைத்திருந்தார்கள். அதற்கு ஒரு சொல்லும் வைத்திருந்தார்கள்: மக்கு. அதைக் கோபமாகச் சொல்ல மாட்டார்கள். செல்லப் பெயர் மாதிரிதான் சொல்வார்கள். “எங்க அக்கா ஒரு மக்கு. மூணாவதோட நின்னுடுச்சு. எழுத்தே வரல” என்று என் கணவரும் சொல்வார். அண்ணி எதிரில் இருக்கும்போதே சொல்வார்.

அண்ணியின் கல்யாணம் நின்ற கதையையும் சிரிப்புக் கதையாகத்தான் கணவர் சொன்னார். பாகூர்ப் பக்கத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டில் காதுகுத்து, ஸ்பீக்கர் அலறுகிறது. அண்ணி தலை குனிந்து காபி கொடுத்துக்கொண்டு வருகிறார். மாப்பிள்ளையின் அம்மா, “இன்னாமா, ஒனக்கு இதுல இஷ்டம் இல்லன்னு யாரோ சொன்னாங்களே, நெசந்தானா?” என்று கேட்டிருக்கிறார். அண்ணி நிமிராமல் “சரிங்க” என்றார். அந்த அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. “அப்ப நாங்க கெளம்பட்டுமா?” அதற்கும் “சரிங்க.” டம்ளரை அப்படியே வைத்துவிட்டு எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள். மாமனார் ஒரு வருஷம் பெண்ணோடு பேசவில்லையாம்.

என் கணவர் இதை நடித்துக் காட்டுவார். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். நாங்கள் சிரிப்பதைப் பார்த்து அண்ணியும் கூடச் சிரித்தார்.

பிறகு தர்ஷினி பிறந்தாள். மூன்று மாத விடுப்பு முடிந்து நான் வேலைக்குப் போனதும் குழந்தை அண்ணியின் இடுப்பில்தான் வளர்ந்தாள்.

அண்ணி குழந்தையை ஒருநாளும் பின்னாலிருந்து கூப்பிட்டதில்லை. சுற்றிக்கொண்டு முன்னால் போவார். குந்துவார். மோவாயைத் தொட்டு முகத்தைத் தன் பக்கம் திருப்புவார். அதற்கப்புறம்தான் பேச்சு. பேசுவதற்கு முன் டிவியை நிறுத்துவார். மிக்ஸி ஓடினால் ஓடி முடிகிறவரை காத்திருப்பார். குழந்தை கொஞ்சம் தள்ளி இருந்தால் தரையைக் காலால் இரண்டு தடவை தட்டுவார், அவள் திரும்புவாள். ஒரு குரல் கொடுத்தால் போதாதா, இதற்கு எதற்கு இவ்வளவு சுற்று என்று எனக்கு எரிச்சலாக இருக்கும்.

தர்ஷினிக்குப் பேச்சு தாமதமாகத்தான் வந்தது. வந்தபோது முன்னெழுத்துகள் இல்லாமல் வந்தது. சாப்பாட்டை ஆப்பாடு என்பாள், செருப்பை எருப்பு என்பாள். அதை போனில் பதிவு செய்து என் தங்கைக்கு அனுப்பினேன். எல்லோரும் கேட்டுக் கேட்டுச் சிரித்தோம். அண்ணி மட்டும் சிரிக்கவில்லை.

குழந்தைக்கு மூன்றரை வயது இருக்கும். ஒருநாள் வேலை முடிந்து வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தேன். அண்ணி என் எதிரில் வந்து நின்றார்.

“எம்மா, பாப்பாவுக்குக் காது கேக்கல.”

“இன்னா அண்ணி பேசறீங்க? பட்டாசு வெடிச்சா திரும்பிப் பாக்கறா. பஸ் ஆரன் அடிச்சா ஓரமா போறா.”

“சத்தம் கேக்கும். பேச்சு கேக்காது.”

“அது ஒங்களுக்கு எப்டித் தெரியும்?”

அண்ணி என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். ஏதோ சொல்ல வந்தார். உதடு பிரிந்தது. பிறகு தலையைச் சாய்த்து, “சரி” என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

நான் கணவரிடம்கூட இதைச் சொல்லவில்லை. மூன்றாவது படித்தவர் சொல்லி நான் குழந்தையை டாக்டரிடம் கொண்டு போவதா என்று இருந்தது. அந்த ஒரு ‘சரி’க்கு நான் கொடுத்தது ஒன்றரை வருஷம். குழந்தை பேச்சைப் பிடிக்கிற வயதில் ஒன்றரை வருஷம்.

இடையில் வில்லியனூர்த் தேர் வந்தது. கூட்டத்தில் தர்ஷினி என் கையை விட்டுவிட்டாள். நானும் என் கணவரும் தொண்டை கிழிய அவள் பெயரைக் கத்திக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் ஓடினோம். அண்ணி கத்தவில்லை. ஒரு கடையின் படிக்கட்டில் ஏறி நின்று, உடுத்தியிருந்த மஞ்சள் புடவையின் முந்தானையை உயரத் தூக்கி ஆட்டிக்கொண்டே இருந்தார். ஊர்ப் பெண்கள் இதென்ன கூத்து என்று பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் கூட்டத்துக்குள்ளிருந்து குழந்தை அழுதுகொண்டே அந்த மஞ்சளை நோக்கி வந்தாள். நாங்கள் கத்திய இடத்துக்கு மிகப் பக்கத்தில்தான் அவள் நின்றிருக்கிறாள். அன்றைக்காவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

யுகேஜியில் மிஸ் குறை சொல்ல ஆரம்பித்தார். சொன்ன பேச்சு கேட்பதில்லை, கேட்டதையே கேட்கிறாள், எழுத்தைத் திருப்பிப் போடுகிறாள். நான் வீட்டில் உட்கார வைத்து எழுதச் சொன்னேன். ‘படம்’ என்றேன். அவள் ‘பட’ என்று எழுதினாள். அதிலும் ட இடம் வலம் மாறிக் கிடந்தது. பத்துத் தடவை சொன்னேன், பத்துத் தடவையும் அதே. ஸ்கேலால் விரல் முட்டியில் அடித்தேன்.

அண்ணி வந்து என் கையிலிருந்த ஸ்கேலை வாங்கினார். குழந்தைக்கு எதிரில் உட்கார்ந்தார். மூக்கைத் துடைத்துவிட்டு, வாயை நன்றாகத் திறந்து மூடி ‘படம்’ என்று சொன்னார். கடைசியில் உதட்டை ஒட்டி அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தார். தர்ஷினி அந்த உதட்டைப் பார்த்துவிட்டுக் குனிந்து ‘ம்’ போட்டாள்.

“வாயக் காட்டிச் சொல்லு எம்மா” என்றார்.

“எழுதப் படிக்கத் தெரியாதவங்க எனக்குச் சொல்லிக் குடுக்க வந்துட்டீங்களா?”

“சரி” என்றார். ஸ்கேலை மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்தார்.

பள்ளிக்கு மருத்துவக் குழு வந்து எல்லாப் பிள்ளைகளையும் பார்த்ததில்தான் விஷயம் வெளிவந்தது. சீட்டு எழுதி பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். கணவர், நான், குழந்தை மூவரும் கிளம்பினோம். குழந்தை அண்ணியை விடமாட்டேன் என்று அழுததால் அவரையும் கூட்டிக்கொண்டோம்.

கண்ணாடி வைத்த சின்ன அறை. உள்ளே குழந்தையின் காதில் எதையோ மாட்டி, சத்தம் கேட்டால் ஒரு பாசிமணியை எடுத்து டப்பாவில் போடச் சொன்னார்கள். சோதித்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. பொறுமையாக முடித்துவிட்டு வந்து, இரண்டு காதிலும் குறை இருக்கிறது என்றார். பெரிய சத்தம் கேட்கிறதாம். பேச்சில் சில எழுத்துகள் அவளுக்குப் போய்ச் சேருவதே இல்லையாம். அண்ணி சொன்ன வார்த்தையை அந்தப் பெண் கொஞ்சம் நீட்டிச் சொன்னார், அவ்வளவுதான்.

“உங்க குடும்பத்துல வேற யாருக்காவது காது பிரச்சனை இருக்கா?”

“யாருக்கும் இல்லங்க” என்றார் என் கணவர்.

அண்ணி எங்களுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து குழந்தைக்குச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பெண், “அம்மா, அந்தக் கதவைக் கொஞ்சம் சாத்துறீங்களா?” என்றார். அண்ணி திரும்பவில்லை. மறுபடியும் சொன்னார். அண்ணி வாரை இழுத்து மாட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, எழுந்து சுற்றிப் போய் அண்ணியின் முன்னால் நின்று அதையே சொன்னார். அண்ணி சிரித்து, “சரிங்க” என்று கதவைச் சாத்தினார்.

அடுத்து அவரை அந்த அறைக்குள் உட்கார வைத்தார்கள். சத்தம் கேட்டால் ஒரு பட்டனை அழுத்த வேண்டும். அண்ணி ஒவ்வொரு தடவையும் சரியாக அழுத்திக்கொண்டிருந்தார். அந்தப் பெண் சந்தேகப்பட்டு, தன் கை தெரியாதபடி ஒரு அட்டையை நிறுத்தி மறைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அண்ணி அழுத்தவில்லை. அதுவரை அந்தப் பெண்ணின் கை அசைவதைப் பார்த்துத்தான் அழுத்தியிருக்கிறார். கண்ணாடிக்கு வெளியே நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். விரலைப் பட்டன்மேல் வைத்து, யாரோ கூப்பிடப்போகிறார்கள் என்கிற மாதிரி முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டு, சிரித்தபடி அவர் உட்கார்ந்திருந்தார். வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

சின்ன வயதிலிருந்தே இருந்திருக்க வேண்டும் என்றார் அந்தப் பெண்.

பஸ் நிறுத்தத்தில் என் கணவர் அக்காவுக்கு எதிரில் போய் நின்றார். அவர் அப்படி நின்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“ஏங்க்கா சொல்லல?”

“இன்னான்னு சொல்றது? மக்குன்னா வேல சொல்லுவீங்க. செவுடின்னா ஒரு மூலையில குந்த வச்சிடுவீங்க.”

என் கணவர் ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தர்ஷினிக்கு இரண்டு காதுக்கும் மிஷின் வந்தது. மாட்டிய அன்று கொல்லையில் தென்னை ஓலை உரசுவதைக் கேட்டுவிட்டு, “அது இன்னா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அண்ணிக்கு எட்டு மாதம் கழித்து ஒரு முகாமில் ஒரு காதுக்கு மட்டும் கொடுத்தார்கள். மாடு அசை போடுகிற சத்தத்தை வெகுநேரம் நின்று கேட்டார். அரிசி களைகிற சத்தத்துக்குச் சிரித்தார். “இதுக்கெல்லாங்கூட சத்தம் இருக்குதா எம்மா?” என்றார்.

இனி எழுதப்போவதை என் கணவரிடம்கூட நான் சொன்னதில்லை. இதைப் படித்துத்தான் அவருக்குத் தெரியும்.

அண்ணிக்கு மிஷின் வந்து எட்டாவது நாள். ஞாயிற்றுக்கிழமை. அவர் முன்னறையில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். நான் இரண்டு கை தூரத்தில் சுவரில் சாய்ந்து தங்கையோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். நீ வேலைக்குப் போய்விட்டால் மிஷின் போட்ட பாப்பாவை யார் பார்த்துக்கொள்வது என்று அவள் கேட்டாள். அண்ணியை வைத்துக்கொண்டு அண்ணியைப் பற்றிப் பேசுவது எனக்கு ஆறேழு வருஷப் பழக்கம்.

“எங்க வூட்லதான் ஒரு மக்கு இருக்குதே” என்றேன். “சோறு போட்டா போதும், மாடாட்டம் வேல செய்யும். அதுக்கு இன்னா தெரியும்? எது சொன்னாலும் சரி சரின்னு மண்டைய ஆட்டும்.”

கோபத்தில் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே சொன்னேன்.

மொச்சை உரிக்கிற கை நின்றது. அண்ணி என் வாயைப் பார்க்கவில்லை. முறத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அவர் காதுக்குப் பின்னால் இருந்தது என் கண்ணில் பட்டது. நான் போனைத் துண்டித்தேன். அண்ணி மீதி மொச்சையையும் உரித்து முடித்தார். தோலை அள்ளி மாட்டுக்குப் போட்டார். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, மிஷினைக் கழற்றி, முகாமில் சொல்லிக் கொடுத்தபடி பேட்டரி மூடியைத் திறந்துவிட்டு டப்பாவில் வைத்து மூடினார்.

மறுநாள், “மிஷின் எங்கக்கா?” என்று என் கணவர் கேட்டார்.

“காது நோவுது” என்றார்.

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

காது மிஷின் வந்தும் தர்ஷினிக்குப் படிப்பு வரவில்லை. அரசுப் பள்ளியில் தமிழ் வழிக்கு மாற்றினோம். இரண்டாம் வகுப்பிலும் கொம்பை எழுத்துக்கு எந்தப் பக்கம் போடுவதென்று தெரியாமல் திணறினாள். ‘தபால்’ என்பதைப் ‘பதால்’ என்று எழுதுவாள். அந்தப் பள்ளிக்கு வியாழக்கிழமைதோறும் சிறப்பாசிரியை ஒருவர் வருவார். அவர் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார்.

“கற்றல் குறைபாடும் இருக்கலாம்னு தோணுது. ஆனா இப்பவே உறுதியா சொல்ல முடியாது. சரியா கேக்காம போன வருஷங்களால வந்த தடுமாற்றமா, இல்ல அது தனியாவே இருக்குதான்னு போகப்போகத்தான் தெரியும். அதுவரைக்கும் நாம சும்மா இருக்க வேணாம்.”

கேழ்வரகு மாவைத் தட்டில் பரப்பி விரலால் எழுத வைக்கச் சொன்னார். கொம்புக்கு மட்டும் சிவப்பு சாக்பீஸ். ஒரு வாரத்துக்கு ஒரே எழுத்து. வெளிச்சத்தில், எதிரில் உட்கார்ந்து, வாய் தெரிகிற மாதிரி. அவசரப்படுத்தக் கூடாது, அடிக்கக் கூடாது. நான் தலை குனிந்து கேட்டுக்கொண்டேன்.

நான் ஷிப்டில் இருந்தேன். செய்தது அண்ணி. சாயங்காலம் பால் ஊற்றிவிட்டு வந்ததும் முகம் கழுவி, டப்பாவைத் திறந்து மிஷினை மாட்டிக்கொண்டு குழந்தைக்கு எதிரில் உட்காருவார். அந்த ஒரு மணி நேரம் மட்டும்தான் அது அவர் காதில் இருக்கும். ஒருநாள் தர்ஷினி கேட்டாள்:

“நீ ஏன் அத்த எனக்கு மட்டும் மாட்டிக்கற?”

“ஒன் கொரலு போதும் எனக்கு.”

நான் சமையலறையில் இருந்தேன். எனக்குக் கேட்கட்டும் என்று அவர் சொல்லவில்லை. என்னை அவர் பார்க்கவே இல்லை.

அவரும் மாவில் எழுதிப் பார்ப்பார். அவருடைய ட-வும் திரும்பித்தான் விழும். அத்தை தப்பு, அத்தை தப்பு என்று தர்ஷினி கை கொட்டுவாள். ஒருநாள் வீட்டுக்கு வந்த சிறப்பாசிரியை அதைப் பார்த்துவிட்டு, போகும்போது வாசலில் என்னிடம், “இவங்களுக்கும் அதேதான் இருந்திருக்கும்போல. அப்ப யாரு கண்டுபிடிச்சாங்க” என்றார்.

மெதுமெதுவாகக் குழந்தைக்குப் படிப்பு திறந்தது. நான்காம் வகுப்பில் ஒரு வெறியே வந்துவிட்டது அவளுக்கு. காலண்டர் தாள், சோப்பு உறை, கடையில் மடித்துக் கொடுத்த காகிதம் என்று எது கிடைத்தாலும் எழுத்துக் கூட்டிப் படிப்பாள். அண்ணி அவளுக்காகவே காகிதங்களைச் சேர்த்து ஒரு மஞ்சள் பையில் போட்டு வைத்திருப்பார்.

அன்று நான் இட்லிக்கு ஊற்றிக்கொண்டிருந்தேன். முன்னறையில் குழந்தை படிப்பது கேட்டது.

“உ… ட… னே. உடனே. பெ… ரி… ய… பெரிய. ஆஸ்… பத்… திரி… க்கு. போ… க… வும்.”

ஏதோ விளம்பரம் என்று நினைத்தேன்.

“தா… ம… தி… க்க. தாமதிக்க. வே… ண்… டாம்.” பெரிய வார்த்தையைப் படித்துவிட்டதற்குத் தானே கை தட்டிக்கொண்டாள். “அத்த, தாமதிக்கன்னா இன்னா?”

அண்ணி, “இன்னொரு தபா படி” என்றார்.

அந்தக் குரலைக் கேட்டுத்தான் நான் வெளியே வந்தேன். குழந்தை கையில் இருந்தது ஒரு கிளினிக் சீட்டு. மேலே அண்ணியின் பெயர். நடுவில் டாக்டரின் ஆங்கில எழுத்து. கீழே யாரோ பெரிது பெரிதாகத் தமிழில் எழுதி அடிக்கோடு போட்டிருந்தார்கள். ஐந்து மாதத்துக்கு முந்தைய சீட்டு.

மார்பில் கட்டி. எனக்கு ஷிப்ட், தம்பிக்கு வண்டி, யாருக்கும் தொந்தரவு வேண்டாம் என்று சொசைட்டியிலிருந்து திரும்பும் வழியில் பால் கேனோடு தனியாகப் போயிருக்கிறார். மிஷின் வீட்டில் டப்பாவில். நர்ஸ் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்க வேண்டும். இவர் வழக்கம்போலச் சிரித்து, சரிங்க என்று தலையைச் சாய்த்திருப்பார். அந்தப் பெண்ணுக்கு நம்பிக்கை வராமல்தான் அவ்வளவு பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறாள். இவர் அதை வாங்கி மடித்துக்கொண்டு வந்து, பாப்பா படிக்கட்டும் என்று பையில் போட்டிருக்கிறார்.

“மாத்திர குடுத்தாங்க, வலி போய்டுச்சே எம்மா” என்றார் என்னிடம்.

ஐந்து மாதம் முன்னால் வந்திருந்தால் வேறு மாதிரி இருந்திருக்கும் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அறுத்து எடுத்தார்கள். மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டியது. வலது கை வீங்கி, மாடு கறக்க முடியாமல் போயிற்று. இரண்டு மாட்டையும் விற்றோம்.

அந்த ஆஸ்பத்திரியில்தான் ஒருநாள், வார்டில் படுக்கையின் கால்மாட்டில் நின்று தாளைப் பார்த்தபடி பேசிய டாக்டரிடம் அண்ணி சொன்னார்: “எனக்குக் காது கேக்காதுங்க. இங்க எதுர வந்து நின்னு சொல்லுங்க.” ஐம்பத்து நான்கு வயதில் முதல் தடவையாக ஒரு அந்நியரிடம் அதைச் சொன்னார். டாக்டர் வந்து நின்று சொன்னார். அண்ணி முழுக்கக் கேட்டுவிட்டு இரண்டு கேள்வியும் கேட்டார். எவ்வளவு நல்ல கேள்விகள் அவை. இத்தனை வருஷம் எங்களிடம் என்னென்ன கேட்காமல் விட்டாரோ என்று எனக்கு இருந்தது.

தர்ஷினி படிப்பதை நிறுத்திவிட்டாள். புத்தகத்தைத் தொடமாட்டேன் என்றாள். கேட்டால் அழுதாள். கடைசியில் அத்தையிடம்தான் சொன்னாள்: “நான் அந்தச் சீட்டப் படிச்சதாலதானே ஒனக்கு இப்டி ஆச்சு?”

அண்ணி அவள் மோவாயைத் தொட்டுத் திருப்பினார். “பாரு பாப்பா. அது முன்னாடியே வந்துடுச்சு. எனக்குத் தெரியல. ஒங்க அம்மாவுக்குத் தெரியல. நீதான் படிச்சு சொன்ன. நீ படிக்கலன்னா இன்னும் தெரிஞ்சிருக்காது.” இரண்டு தடவை சொன்னார். பிறகு புத்தகத்தை எடுத்துவரச் சொன்னார்.

அதற்கப்புறம் பத்து மாதம் இருந்தார். ஒரு ஆடி மாதம் போய்விட்டார்.

தர்ஷினி இப்போது ஆறாவது படிக்கிறாள். இப்போது பரிசோதித்து, கற்றல் குறைபாடுதான் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார்கள். பரீட்சையில் அவளுக்குக் கூடுதல் நேரம் தருகிறார்கள். புதிதாக எந்த டீச்சர் வந்தாலும் முதல் நாளே எழுந்து நின்று, எனக்குக் காது சரியாகக் கேட்காது, படிக்க நேரம் ஆகும் என்று சொல்லிவிடுகிறாள். யாரும் அவளை மக்கு என்றதில்லை.

அண்ணி போவதற்குப் பத்து நாள் முன்னால், பகலில், வீட்டில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். முதுகைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னாலிருந்தே சொல்லிவிடலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. சொன்ன மாதிரியும் இருக்கும், அவருக்குக் கேட்காமலும் இருக்கும். துணியைக் கீழே வைத்தேன். எழுந்து சுற்றி வந்து அவர் முகத்துக்கு நேரே உட்கார்ந்தேன்.

“அண்ணி, அன்னிக்கி நான் என் தங்கச்சியாண்ட போன்ல பேசனது…”

“கேட்டுச்சு” என்றார்.

நான் முடிக்கக்கூட விடவில்லை.

“ஏன் அண்ணி அப்பவே என்ன ஒரு வார்த்த கேக்கல?”

“இன்னாத்த கேக்கறது? அந்த வார்த்த எனக்குப் புதுசா? சின்னதுலேந்து எல்லார் வாயிலயும் பாத்ததுதான்.” மூச்சு வாங்கியது. நிறுத்தி, மறுபடி சொன்னார். “நீயும் முன்னாடி சொல்லியிருக்க, பாத்திருக்கேன். ஒன் கொரல்ல அன்னிக்கித்தான் மொதல் தபா கேட்டேன். நல்ல கொரலு எம்மா ஒனக்கு. அதான் ரொம்ப நொந்துடுச்சு.”

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு மன்னித்துவிடுங்கள் என்றேன். அவர் என் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார், நான் சொன்னது அவருக்குப் போய்ச் சேர்ந்தது. தலையைச் சாய்க்கவில்லை. ‘சரி’ என்று சொல்லவும் இல்லை. கொஞ்ச நேரம் அப்படியே என்னைப் பார்த்துவிட்டு, மெதுவாகக் கண்ணை மூடிக்கொண்டார்.

கண்ணை மூடினால் அவருக்குக் காதும் மூடிவிடும் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் கையை விடாமல், சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிக்கொண்டே இருந்தேன்.